பழைய நாவலின் முடிவைச் சொன்னது தப்பா?

எழுபது வருடத்துக்கு முந்தைய நாவல்தானே, 'பொன்னியின் செல்வன்' முடிவைச் சொன்னதற்கு அலுவலகத் தோழி ஏன் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு உங்கள் மேல்தான். பேச்சுவாக்கில் வந்திருக்கும், வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் தப்புதான்.

என் அம்மா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அப்பா ஓய்வு பெற்ற பிறகு, அறுபது வயதில்தான் கிளை நூலகத்தில் உறுப்பினரானார். முதலில் எடுத்து வந்ததே 'பொன்னியின் செல்வன்' முதல் பாகமான 'புது வெள்ளம்'. மதியம் அடுப்படி வேலை முடிந்ததும் பால்கனியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு பக்கம் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். ராத்திரி சாப்பாட்டின்போது, "இந்த நந்தினி நல்லவளாடா, கெட்டவளா? வேணாம், சொல்லாத, நானே பாத்துக்கறேன்" என்பார். அம்மா தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நாலாம் பாகம் 'மணிமகுடம்' பாதி ஆகியிருந்தது. மாம்பலத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் அம்மா பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பெரியப்பா எட்டிப் பார்த்து, "அட, இங்கதான் இருக்கியாம்மா? இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா..." என்று ஆரம்பித்து, யாருக்கு என்ன ஆகிறது என்பதை மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அது என்ன என்று இங்கேயும் எழுத மாட்டேன். அம்மா சிரித்து வைத்தார். புகுந்த வீட்டுப் பெரியவரிடம் வேறென்ன சொல்ல முடியும்? திரும்பி வரும்போது மின்சார ரயிலில் புத்தகத்தைத் தொடவே இல்லை. மறுவாரம் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்தாம் பாகம் வீட்டுக்கு வரவே இல்லை.

'சோழர் வரலாறு பள்ளிப் பாடம்தானே, இதில் என்ன ரகசியம்' என்று யாராவது கருத்துப் பெட்டியில் வருவீர்கள். ராஜராஜன் 985-ல் பட்டத்துக்கு வந்தது பாடம். கதையைக் கல்கி எந்த வழியில் கொண்டுபோகிறார் என்பதுதான் நாவல். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் காக்க வைத்து எழுதியது அது. அன்றைக்கு வாசகர்களுக்குக் கிடைத்த அந்தக் காத்திருப்பு அம்மாவுக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

சினிமாவிலும் இதே கதிதான். 2023 அக்டோபர் 19, 'லியோ' வெளியான நாள். கேரளாவில் காலை 4 மணிக்கே காட்சி, நமக்கு 9 மணிக்கு. ஏழரைக்கு நான் கண் விழித்தபோது, தியேட்டருக்குள் செல்போனில் எடுத்த கடைசிக் காட்சி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடந்தது. தமிழ்ப் படத்தைத் தமிழ்நாட்டுக்காரன் கடைசியாகப் பார்க்க வேண்டுமா? இதை எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு ஆறாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'பழைய கதைதானே' என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். மன்னிப்புக் கேளுங்கள். எந்தப் பாகத்தில் இருந்தார் என்று கேளுங்கள். நீங்கள் சொன்னது போக அதில் இன்னும் நிறைய இருக்கிறது, விட்டுவிடாமல் படிக்கச் சொல்லுங்கள். பெரியப்பா அதைக்கூட அம்மாவிடம் சொல்லவில்லை.