பதில்: கானாடுகாத்தான் வீட்டில் 18-ல் வைத்தும் ஏசி ஓயவில்லை

செட்டிநாட்டு வீட்டில் 18 டிகிரியில் வைத்தும் ஏசி நிற்காமல் ஓடுதுன்னு கேட்டிருந்தீங்க. அதுக்காகத் தனி தெர்மோஸ்டாட் (அறைச் சூட்டைப் பார்த்து ஏசியை ஓட்டி நிறுத்தும் கருவி) வாங்க நினைக்கிறீங்க, வேண்டாம் சார். வெளிநாட்டு வீடியோக்களில் சுவரில் மாட்டுவது, மொத்த வீட்டுக்கும் ஒரே இயந்திரம் ஓடுகிற இடங்களுக்கானது. ஸ்பிளிட் ஏசிக்குள்ளேயே அதற்கான சென்சார் இருக்கு.

உங்க வீட்டில் வில்லங்கம் உயரம்தான். பதினாலு அடிக் கூரையை ஒட்டி யூனிட்டை மாட்டியிருக்கீங்க. சூடான காற்று அங்கேதான் தேங்கும். கீழே ஆத்தங்குடிக் கல் தரையில் கால் சில்லிட்டாலும் சென்சாருக்குத் தெரியாது, ஓடிக்கொண்டே இருக்கும். ஏழெட்டு அடிக்கு இறக்கி மாட்டச் சொல்லுங்க. ரிமோட்டில் 'ஐ ஃபீல்' பொத்தான் இருந்தால் அதை அழுத்திக் கட்டிலருகே வைங்க. ரிமோட் இருக்கும் இடத்துச் சூட்டைப் பார்த்து ஓடும்.

வளவுப் (வீட்டு நடு முற்றம்) பக்கம் கதவுக்கு மேலே கம்பி இடைவெளி இருக்குமே, அதைக் கண்ணாடி போட்டு அடைங்க. இல்லாவிட்டால் வளவுக்கும் சேர்த்துத்தான் பில் கட்டுறீங்க.

பிறகு 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக விடுங்க. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகக் கணக்கு. மீட்டரையும் இடையில் பாருங்க: இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.