தாய்ப்பத்திரம் இல்லாத எழுத்துரு

அன்புள்ள அண்ணா,

கிருஷ்ணகிரியில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். பைத்தான் நிரல்களைப் பகிரும் பைப்பை தளத்தில் அன்றைக்கே ஏறிவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்துக்கான நிரல் களஞ்சியம் ஒன்றுக்கு அனுப்பினேன். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வைத்திருந்த சோதனைக் கோப்புறையில் உரிமம் தெரியாத எழுத்துருவும் ஒரு நாளிதழ்க் கட்டுரையும் இருப்பதாக ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார்கள். நிரலைப் பற்றி ஒரு சொல் இல்லை. சோதனைக் கோப்புக்கா இவ்வளவு? விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

அன்புத் தம்பிக்கு,

விட்டுவிடாதீர்கள். தர்மபுரியில் என்னிடம் இருக்கும் பழைய கோப்புகளில் உங்கள் நிரலை ஓட்டிப் பார்த்தேன். பாமினியில் கொம்பு முன்னால், மெய் பின்னால். யூனிகோடில் நேர்மாறு. பல மாற்றிகள் இடறும் இந்த இடத்தை அழகாகக் கடந்திருக்கிறீர்கள். ஒரே ஒரு பிழை: பாமினியில் ‘ள’வும் ஔகாரத்தின் பின்குறியும் ஒன்றே. அதனால் ‘வெள்ளிச்சந்தை’ உங்கள் நிரலில் வௌவாலின் ‘வௌ’வோடு வருகிறது. அடுத்து புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது ‘ள’ என்று ஒரு விதி சேர்த்தால் பெரும்பாலும் போதும்.

இனி வருத்தத்துக்கு வருகிறேன். நல்ல வார்த்தை ஒன்று சேர்த்து எழுதியிருக்கலாம், அது நியாயமான குறை. ஆனால் திருப்பியது சரி. இதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? நிலம் எவ்வளவு நல்ல நிலமாக இருந்தாலும் தாய்ப்பத்திரம் இல்லாமல், வில்லங்கம் பார்க்காமல், வாங்கச் சொல்வீர்களா? நிலத்தின் ஒரு மூலையில் இரண்டு சென்ட் அடுத்தவருடையது என்றாலும் கிரயத்தை நிறுத்தத்தானே சொல்வீர்கள்?

எனக்குப் பழக்கமான டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை வைத்துச் சொல்கிறேன். 1993இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் புதிய பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிய நிரல்) எதுவானாலும் ‘நியூ’ என்ற வரிசையில் நிற்கும். டெபியன் உறுப்பினர் ஒருவர் உங்களுக்காகக் கையொப்பமிட்டு ஏற்றிய பிறகும் அந்த வரிசை உண்டு. இதற்கென உள்ள தன்னார்வலர்கள் உள்ளே இருப்பவற்றைத் திறந்து, யார் எழுதியது, எந்த உரிமம் என்று பார்ப்பார்கள். பைப்பையில் முன்கூட்டிப் பார்க்கும் ஆள் இல்லை, அதனால்தான் அந்த வேகம்.

சோதனைக் கோப்புதானே என்கிறீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) ஒன்று பிடிபட்டது. அதை ஒளித்து வைத்திருந்த இடமே சோதனைக் கோப்புகள்தான். டெபியனின் வெளியீட்டுக்கு முந்தைய வளர்ச்சிக் கிளைகள் வரை அது வந்துவிட்டது. தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் துருவியதால்தான் வெளியே தெரிந்தது. உரிமம் பார்ப்பது வேறு, பின்வாசல் தேடுவது வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு ‘சோதனைக்கு வைத்தது’ என்பதை ஒரு காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை.

எழுத்துருவை எடுத்துவிடுங்கள். மாற்றுவதற்கு அது தேவையே இல்லை, எந்தப் பாமினிக் குறிக்கு எந்த யூனிகோடு எழுத்து என்ற அட்டவணை போதும். அந்த அட்டவணை உங்கள் கையால் எழுதியதா, வேறொரு மாற்றியிலிருந்து எடுத்ததா? எடுத்தது என்றால் அதன் உரிமத்தையும் ஆசிரியர் பெயரையும் பேக்கேஜின் பதிப்புரிமைக் கோப்பில் எழுதியாக வேண்டும். கட்டுரைக்குப் பதிலாக, அதியமான் நெல்லிக்கனி கொடுத்ததை ஔவையார் பாடிய புறநானூற்று 91ஆம் பாடலைப் பாமினியில் அடித்து வையுங்கள். இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை, தகடூர்ப் பாட்டுக்கு யாரும் உரிமை கேட்டு வரமாட்டார்கள். பதிப்பாசிரியரின் உரையை மட்டும் சேர்க்காதீர்கள், அதற்கு உரிமை இருக்கலாம்.

இவ்வளவும் ஒரு மாலை வேலை. பலன் பெரிது. டெபியனில் நுழைந்த பேக்கேஜ் பெரும்பாலும் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸுக்கும் போய்விடும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். தேன்கனிக்கோட்டையில் உங்களைப் போலவே பழைய கோப்புகளோடு மல்லுக்கட்டும் ஒருவர் ஒரே கட்டளையில் இதை நிறுவிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

புதிய பதிப்பு தயாரானதும் எழுதுங்கள். வெள்ளிச்சந்தை சரியாக வருகிறதா என்று முதல் ஆளாக ஓட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்