விலை ஏறினால் கோடு எப்படி மாறும்?

கேள்வி: என் மகள் பி.காம். முதலாண்டு படிக்கிறாள். செமஸ்டர் தேர்வில், 'ஒரு பொருளின் விலை ஏறினால் வரவு செலவுக் கோடு என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு, 'உள்பக்கமாக இணையாக நகரும்' என்று எழுதி மார்க் போய்விட்டது. விலை ஏறினாலும் வருமானம் குறைந்தாலும் வாங்கும் அளவு குறையத்தானே செய்கிறது? மறுமதிப்பீட்டில் மார்க் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மறுமதிப்பீட்டுக்கு மாணவியே நேரடியாக விண்ணப்பிக்கலாம். மார்க் கூடினால் 'நான்தான் வாங்கித் தந்தேன்' என்பார், கூடாவிட்டால் போனை எடுக்க மாட்டார். இவர்களை ஒவ்வொரு செமஸ்டரிலும் பார்க்கிறேன். அதோடு, இந்தக் கேள்விக்கு உங்கள் மகள் எழுதிய பதில் தவறு. மறுமதிப்பீட்டில் இது தேறாது.

எண்களை வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். கையில் 600 ரூபாய். பருப்பு கிலோ 120, முட்டை 6 ரூபாய். முழுப் பணத்துக்கும் பருப்பு வாங்கினால் 5 கிலோ, முட்டை வாங்கினால் 100. பருப்பைக் கிடை அச்சிலும் முட்டையைச் செங்குத்து அச்சிலும் குறித்து இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் அதுதான் வரவு செலவுக் கோடு, அதாவது கையில் இருக்கும் பணம் முழுவதற்கும் என்னென்ன அளவில் வாங்கலாம் என்று காட்டும் கோடு. ஒரு கிலோ பருப்பு வேண்டுமென்றால் 20 முட்டையை விட வேண்டும். அந்த 20தான் சாய்வு.

இப்போது வருமானம் 480 ஆகிறது. 4 கிலோ அல்லது 80 முட்டை. இரண்டு முனைகளும் உள்ளே வருகின்றன. ஒரு கிலோவுக்கு இப்போதும் 20 முட்டைதான், அதனால் கோடு இணையாக நகர்கிறது. வருமானம் 600 ஆகவே இருந்து, பருப்பு 150 ஆனால்? பருப்பு முனை 4 கிலோவுக்கு வரும். முட்டை முனை அசையாது, ஏனென்றால் முட்டை மட்டும் வாங்குகிறவருக்குப் பருப்பு விலையால் ஒன்றும் இல்லை. கோடு அந்த முனையைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பும், சாய்வு 25 ஆகும். இரண்டிலும் வாங்கும் அளவு குறைகிறது என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் கேள்வி கேட்டது கோட்டின் வடிவத்தை.

இதற்குக் குழந்தைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஜெராக்ஸ் கடைகளில் விற்கும் 'முக்கிய வினா' நோட்ஸ்களில் எண்ணே இருக்காது. எக்ஸ், ஒய் என்று இரண்டு எழுத்து, அம்புக்குறி போட்ட ஒரு படம், அவ்வளவுதான். வகுப்பிலும் சிலபஸை முடிக்கிற அவசரத்தில் படத்தைப் போர்டில் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கியவருக்கும் ஒரு விலைப்பட்டியலைக் கொடுத்தால் கோடு போடத் தெரிவதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

கோடு ஒரே நேர்கோடாக இல்லாத ஒரு விதிவிலக்கை மட்டும் மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள், நம் வீட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. அதே 600 ரூபாயில் முதல் கிலோவுக்கு 5 முட்டையை விட்டால் போதும். 95 முட்டையும் ஒரு கிலோ பருப்பும் என்ற புள்ளியில் கோடு மடங்கும். அதற்குமேல் வெளிக்கடையின் பழைய 120 ரூபாய் விலை, கிலோவுக்கு 20 முட்டை. பணம் முழுவதற்கும் பருப்பே வாங்கினால் 5.75 கிலோ வரும். 30க்கும் 120க்கும் சராசரி எடுத்து ஒரே நேர்கோடாகப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அது தவறு, இரண்டாவது கிலோ யாருக்கும் 30க்குக் கிடைக்காது. அரிசி 2011 ஜூன் முதல் இலவசம் என்பதால், அரிசிக்குப் படம் போட்டால் கார்டு அளவு வரை கோடு படுத்தே போகும், அப்புறம்தான் இறங்கும். கார்டுப் பருப்பைக் கூடுதல் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று தெருவில் வருகிறவர்களிடம் விற்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், லாபமும் அவர்களுக்குத்தான்.

மற்ற கேள்விகளில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகலுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். பல பல்கலைக்கழகங்களில் அந்த வசதி உண்டு. கட்டணமும் கடைசித் தேதியும் தேர்வு முடிவு அறிவிப்பிலேயே இருக்கும். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டி, அவர் தேறும் என்றால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள்.