பால் மறக்கப்பண்ணேக்க மார்பு கட்டினால்: கேள்வி பதில்

தாய்ப்பாலை நிப்பாட்டுற தாய்மார் கேட்டதுகளுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் சொன்ன பதில்கள்.

கோண்டாவில்: மிஸ், மகனுக்கு ஒண்டே முக்கால் வயசு. வேலைக்குப் போகவேணும் எண்டு முந்தநாள் ஒரேயடியா நிப்பாட்டிட்டன். இரண்டு மார்பும் கல்லு மாதிரி இருக்கு. பாலை எடுத்தா இன்னும் ஊறும் எண்டு மாமி சொல்லுறா. எடுக்கிறதோ, விடுறதோ?

மாமி சொல்லுறதில பாதி சரி. முழுக்க எடுத்து வெறுமையாக்கினா பிள்ளை குடிச்ச கணக்குத்தான், திரும்பவும் அந்தளவு சுரக்கும். உள்ளுக்குத் தேங்கி நிக்கிற பால்தான் சுரப்பைக் குறைக்குது. ஆனா ஒரு சொட்டும் எடுக்காமல் விட்டா வீங்கி, அழற்சியில கொண்டுபோய் விடும். அதால நோ தணியிற அளவுக்கு மட்டும் எடுங்கோ.

கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, கொஞ்சம் முன்னுக்குக் குனிஞ்சு இருங்கோ. காம்பில இருந்து 2–3 சென்ரிமீற்றர் தள்ளி, பெருவிரல் மேலயும் சுட்டுவிரல் கீழயும். முதல்ல நெஞ்சுப் பக்கமா உள்ளுக்கு அமத்தி, பிறகு இரண்டு விரலையும் கிட்டக் கொண்டுவந்து நெரிச்சு விடுங்கோ. விரல் தோலில வழுக்கக் கூடாது. காம்பைப் பிடிச்சு இழுத்தா பால் வராது, புண்தான் வரும். ஒரே இடத்தில நிக்காமல் விரலைச் சுத்தி மாத்துங்கோ. கருவட்டமே விரல் பிடிக்க ஏலாத அளவுக்கு இறுகியிருந்தா, காம்பைச் சுத்தி விரல் நுனியளை வச்சு ஒரு நிமிசம் நேரா உள்ளுக்கு அமத்திப் பிடியுங்கோ. நீர் பின்னுக்குப் போய் இடம் இளகும். இறுக்கம் விட்டதும் பால் ஓடிக்கொண்டிருந்தாலும் நிப்பாட்டுங்கோ. முதல் நாள் 3–4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா எடுக்க வேண்டி வரும். பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

இரண்டு நாள்தானே ஆகுது. இரவில ஒருதரம் திரும்பக் குடுத்தாலும் பிழையில்லை. அதுக்குப் பிறகு 3 தொடக்கம் 5 நாளுக்கு ஒரு நேரப் பாலாக் குறைச்சால் இவ்வளவு கட்டாது. பிள்ளை கனக்க ஆசைப்படாத பகல் நேரத்தை முதல்ல விடுங்கோ. படுக்கைக்குப் போற நேரத்துப் பால் கடைசி.

மானிப்பாய்: சுடுதண்ணி ஒத்தடமோ ஐஸோ? கோவா இலை வைக்கச் சொல்லியும் சொல்லுறாங்கள்.

ஐஸ். துவாயில சுத்தி 10–15 நிமிசம், வெறும் தோலில வைக்காதேங்கோ. சூடு வேணுமெண்டால் பால் எடுக்க முன்னம் 2–3 நிமிசம், அவ்வளவுதான். கூடினா இரத்தவோட்டம் கூடி வீக்கமும் கூடும். கோவா இலையைக் கழுவி, பிறிட்ஜில குளிரவிட்டு, நடு நரம்பை வெட்டி எடுத்து, ஒரு போத்தலால உருட்டி நசிச்சு பிராவுக்குள்ள வையுங்கோ. 20 நிமிசம், இல்லாட்டி வாடும் வரை. காம்பில வெடிப்பு இருந்தாலோ தோல் கடிச்சாலோ வேண்டாம். அதில பெரிய மர்மம் ஒண்டும் இல்லை, குளிர்தான் பாதி வேலையைச் செய்யுது.

நோவுக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. ஒரு நாளைக்கு 8க்கு மேல போகக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைஞ்ச ஆக்கள் அளவைக் கேட்டுப் போடுங்கோ.

சாவகச்சேரி: மல்லிகைப்பூ வச்சுக் கட்டினா பால் வத்தும் எண்டுறது வெறும் கதையோ?

வெறும் கதையில்லை. 1988இல வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர் மல்லிகைப்பூவைப் பால் வத்தக் குடுக்கிற புறோமோகிரிப்ரின் குளிசையோட ஒப்பிட்டுப் பாத்தவை. பால் சுரக்கப்பண்ணுற புறோலக்ரின் ஹோமோனைக் குளிசைதான் கூடக் குறைச்சுது, ஆனா மார்புக்கட்டும் பாலும் குறைஞ்சதில பூவும் பின்னுக்கு நிக்கேல்லை. அது பிள்ளை பிறந்த கையோட இருந்த தாய்மாரில செய்தது எண்டதையும் மறக்கக் கூடாது. மருந்தடிக்காத, வீட்டில பூத்த பூவா வையுங்கோ. நாரை இறுக்கிக் கட்ட வேண்டாம்.

பருத்தித்துறை: அம்மம்மா சீலைத்துணியால இறுக்கிக் கட்டச் சொல்லுறா. தண்ணியையும் குறைக்கட்டாம். பால்சுறா, முருங்கையிலையும் விடவோ?

கட்டாதேங்கோ. நசிபட்ட இடத்தில பால் தேங்கிக் கட்டியாகும். கம்பியில்லாத, தாங்கிப் பிடிக்கிற பிரா காணும். தண்ணியைக் குறைச்சால் பால் குறையாது, தலையிடிதான் மிச்சம். சுறா வறையை விடத் தேவையில்லை.

நெடுந்தீவு: ஒரு பக்கம் சிவந்து நோகுது, இரவு குளிரும் காய்ச்சலும். விடிய வள்ளத்துக்குக் காத்திருக்கலாமோ?

வள்ளம் ஏன்? முதல்ல உங்கட பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கோ. மார்பில சிவப்பு, அதோட 38 பாகைக்கு மேல காய்ச்சல், நடுக்கம் எண்டால் அது அழற்சியா இருக்கலாம், அன்டிபயோற்றிக் தேவைப்படும். வீட்டில மிஞ்சிக் கிடக்கிற குளிசையைப் போடாதேங்கோ. இந்த நேரத்தில பால் குடுக்கிறதை ஒரேயடியா நிப்பாட்டவும் கூடாது, பழைய அளவில குடுங்கோ அல்லது எடுங்கோ. அந்தப் பால் பிள்ளைக்குக் கேடில்லை. போட்டு உருவித் தேய்க்கிறதும் கூடாது, திசு இன்னும் வீங்கும்.

இன்னொண்டு. மாரி காலத்தில காய்ச்சல் எண்டால் டெங்கு இல்லையெண்டு தெரியும் வரை புறுபன், டைக்குளோபினாக் மாதிரி நோக் குளிசையளைத் தொடக் கூடாது, இரத்தம் கசிய வைக்கும். பனடோல் மட்டும்.

வல்வெட்டித்துறை: காம்பில வேப்பெண்ணெய் பூசினா மறந்திடுமோ?

வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய் வயித்துக்குள்ள போய்க் குழந்தையளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்திருக்கு. கைப்பு வேணுமெண்டு வேற ஒண்டைத் தேடவும் தேவையில்லை. பிள்ளை கேக்கிற நேரத்தில அப்பாவோ அம்மம்மாவோ தூக்கிக்கொண்டு முத்தத்துக்குப் போகட்டும்.

நல்லூர்: பால் வத்த ஒரு குளிசை இருக்காமே?

கபேர்கோலின். வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும். பிரசர் உள்ள ஆக்கள், இருதய வால்வு வருத்தக்காரர், முந்தி மனநோய் இருந்தவை எல்லாரும் அதை முதல்லயே சொல்ல வேணும். ஆறுதலா மறக்கப்பண்ணுற ஆளுக்கு அது தேவைப்படாது.

சுன்னாகம்: நிப்பாட்டி ஒரு மாசம். அமத்தினா இன்னும் சொட்டுது, இடப்பக்கம் ஒரு கட்டியும் தட்டுப்படுது.

சொட்டுறது சில மாசத்துக்கு இருக்கும். இருக்கோ எண்டு அமத்திப் பாக்கிறதையும் விடுங்கோ, அதுவே சுரக்கப்பண்ணும். கட்டியை அப்பிடி விட ஏலாது. பால் கட்டினது எண்டால் ஒண்டு இரண்டு கிழமைக்குள்ள கரைஞ்சிருக்க வேணும். இந்தக் கிழமையே காட்டி, ஸ்கான் ஒண்டு எடுங்கோ. காம்பால இரத்தம் கலந்து வந்தால் நாளைக்கு எண்டு வைக்காமல் போங்கோ.