வாகனக் கேள்வி பதில்: கன்வர்ட்டரை வெட்டலாமா?

கேள்வி: ஐயா, என்னுடைய பெற்றோல் கார் புகைப் பரிசோதனையில் தவறிவிட்டது. காபனோரொட்சைட்டு கூடுதலாம். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் திகதி நெருங்குகிறது. கராஜில் கேட்டால், கன்வர்ட்டர் போய்விட்டது, வெட்டியெடுத்துவிட்டு வெறும் குழாய் ஒட்டித் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: வேண்டாம் தம்பி. கன்வர்ட்டர் என்பது புகையிலுள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும், புகைக்குழாயில் பொருத்திய பெட்டி. வெட்டினால் அடுத்த பரிசோதனையில் இன்னும் மோசமாகத் தவறும். வெட்டிய கன்வர்ட்டர் யார் கைக்குப் போகும் என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்குள் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் எல்லாம் இருக்கின்றன; பழைய இரும்பு விலைக்கு அதை யாரும் விற்பதில்லை.

பரிசோதனைத் தாளை எடுத்து நிதானமாகப் படியுங்கள். காபனோரொட்சைட்டு மட்டும் ஏறியிருந்தால் எஞ்சினுக்குப் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. ஐதரோகாபன் மட்டும் ஏறியிருந்தால் பெற்றோல் எரியாமலே வெளியேறுகிறது. அப்போது ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலையும் பார்க்க வேண்டும். உங்களுடையது முதல் வகை. எனவே கோளாறு பெரும்பாலும் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கிறது.

ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய, நிறைப்படி 14.7 பங்கு காற்று வேண்டும். அந்த அளவைக் காப்பது புகைக்குழாயில் செருகியிருக்கும் ஒட்சிசன் சென்சர். புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறதா என்று அது சொல்லச் சொல்ல, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். கன்வர்ட்டரும் அந்த அளவை ஒட்டித்தான் ஒழுங்காக வேலை செய்யும். காபனோரொட்சைட்டை எரிக்க ஒட்சிசன் வேண்டும். பெற்றோல் மிஞ்சினால் அதற்கு எங்கே போவது?

நிலாவெளிக்காரருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு: உப்புக்காற்று. புகைக்குழாயின் முன் இணைப்பு துருப்பிடித்து மயிரிழை அளவு பிளந்தால், புகை வெளியேறுவதோடு நிற்காது. ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். அது சென்சருக்கு முன்னால் நடந்தால், சென்சர் அந்தக் காற்றைக் கண்டு, பெற்றோல் போதவில்லை என்று கணினிக்குப் பொய்ச்சாட்சி சொல்லும். கணினியும் நம்பி ஊற்றும். காலையில் குளிர்ந்த எஞ்சினைத் திறந்த வெளியில் நிறுத்தி இயக்குங்கள். முன்பக்கம் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஆறியபின் இணைப்பைப் பாருங்கள். கசிவு இருந்தால் கரிக்கோடு காட்டிக்கொடுக்கும். இணைப்புக்கு நடுவில் கசிவைத் தடுக்கும் கஸ்கட்டை மாற்றினாலே தீரக்கூடிய வேலை.

இன்னொன்றும் பாருங்கள். "நம்முடைய வெயிலுக்கு இது எதற்கு" என்று தேர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியும் வழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் இன்னும் போகவில்லை. எனக்கு இதைவிட எரிச்சலூட்டும் வேலை வேறில்லை. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது அந்த வால்வுதான். அது இல்லாவிட்டால் தண்ணீர் உரிய சூட்டுக்கு வராது. எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்றெண்ணி கணினி பெற்றோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஓடும்போது வெப்பமானி முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால், அங்கே வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிவிட்டது.

இவை சரியென்றால் எயார் பில்டர், பிறகு சென்சர். கன்வர்ட்டர் கடைசி. எதைத் திருத்தினாலும் சூடான எஞ்சினோடு பரிசோதனைக்குப் போங்கள். ஏறத்தாழ 300 பாகை செல்சியசைத் தொடும்வரை கன்வர்ட்டர் தூங்கும். நிலாவெளியிலிருந்து நகருக்கு வரும் ஓட்டம் போதும். வந்த பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு வரிசையில் அரைமணி நேரம் நிற்காதீர்கள்.

கேள்வி: காலையில் பாடசாலைக்குக் காரை எடுக்கும்போது சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எஞ்சின் பழுதா?
– ஆசிரியை, உப்புவெளி

பதில்: இல்லை ரீச்சர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த குழாயில் ஆவி படிந்து சொட்டுகிறது, அவ்வளவுதான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போய், சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் மட்டும் கவலைப்படுங்கள். ஆனால் தினமும் பாடசாலை வரைக்கும் மட்டுமே ஓட்டினால் அந்தத் தண்ணீர் காயாமல் சைலன்சருக்குள் தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வாரம் ஒருமுறை கன்னியா வெந்நீரூற்றுக்கோ, அதற்கும் அப்பாலோ ஓட்டிவிட்டு வாருங்கள்.

கேள்வி: கொழும்புக்குப் போகும்போது பம்ப் தானாக நின்ற பிறகும் கழுத்துவரை பெற்றோல் அடிப்பது வழக்கம். பிழையா?
– வாசகர், கிண்ணியா

பதில்: பிழைதான். தாங்கியில் எழும் பெற்றோல் ஆவியைப் பிடித்துவைத்து, எஞ்சின் ஓடும்போது எரிக்க அனுப்பும் கரிப்பெட்டி ஒன்று உங்கள் காரில் இருக்கும். கழுத்துவரை நிரப்பினால் ஆவிக்குப் பதில் பெற்றோலே அதற்குள் புகுந்து கரியை நனைத்துவிடும். பிறகு எஞ்சின் திணறும், பெற்றோல் மணக்கும், புதுப்பெட்டிக்குச் செலவும் வரும். பம்ப் நின்றதும் நிறுத்துங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.