தேமலே இல்லாமல் தொழுநோய் வருமா?

கேள்வி: உடம்பில் எங்கும் மரத்துப்போன தேமல் இல்லை. ஆனாலும் தோல் டாக்டர் தொழுநோய் டெஸ்ட் எழுதியிருக்கிறார். தேவைதானா?

தேவைதான். எனக்கும் தேமல் இல்லை, நோய் இருந்தது. (நான் டாக்டர் இல்லை. "பயமுறுத்தாதே" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுப் போடுங்கள்.)

"உணர்ச்சியற்ற தேமல்" என்று சுவரில் படித்தே வளர்ந்தவர்கள் நாம். நீங்களும் ஊக்கால் குத்திப் பார்த்திருப்பீர்கள், வலித்திருக்கும், நிம்மதியாகியிருப்பீர்கள். மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் திருமணி எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம்தான். எனக்கே தோன்றவில்லை.

முன்னங்கையிலும் காலிலும் புளியங்கொட்டை அளவில் சிவந்த கட்டிகள் வந்தன. சட்டை உரசினாலே உயிர் போகும். கூடவே காய்ச்சல், மூட்டு வீக்கம். பத்து நாளில் வற்றி, அடுத்த மாதம் வேறு இடத்தில் எழும்பும். மூட்டு டாக்டர் ரத்தம் பார்த்தார். ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ், முடக்குவாதம் என்றார். தொழுநோயிலும் அது பாசிட்டிவ் காட்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஸ்டீராய்டு கொடுத்தார், கட்டிகள் அடங்கின. வினையே அங்கேதான். தொழுநோய்க் கிருமியை எதிர்த்து உடம்பு கொதிக்கும்போதும் இதே கட்டிதான் வரும், அதற்கும் இதே ஸ்டீராய்டுதான் கேட்கும். மருந்து கேட்டதால் வாதம்தான் என்று எல்லோருக்கும் நிச்சயமாகிவிட்டது. உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷம்! அவரைக் குறை சொல்லவில்லை. 2005 கடைசியில் இந்தியாவில் தொழுநோய் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்று கணக்குக் காட்டி ஒழிப்பு அறிவித்தார்கள். ஒழிந்ததை யார் தேடுவார்கள்?

ஆனால் அந்த ஆஸ்பத்திரி கவுன்டரை மட்டும் மன்னிக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் "பழைய ஃபைல் கிடைக்கல சார், புதுசா ரிஜிஸ்ட்ரேஷன் போட்டுருங்க." அந்த ஃபைல்களையெல்லாம் என்னதான் செய்வார்களோ!

கடைசியில் கண்டுபிடித்தது முடி வெட்டும் அண்ணன். "தம்பி, காது ரெண்டும் ஏன் இப்படித் தடிச்சுக் கெடக்கு? புருவம் வேற ஓரத்துல கொட்டியிருக்கு." தோல் டாக்டரிடம் போனேன். முழங்கைக்குப் பின்னால் விரலால் உருட்டினார். நரம்பு சணல் கயிறுபோல் திரண்டிருந்தது, சுண்டுவிரல்வரை ஷாக் அடித்தது. காது மடலைக் கிள்ளிப் பிடித்து, இம்மியளவு கீறி, சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவினார்கள். ஐந்து பிளஸ், அதாவது கிருமி ஏராளம்.

எனக்கு வந்த இந்த வகைத் தொழுநோயில் கிருமி தோல் முழுக்கச் சீராகப் பரவுவதால் தேமலுக்கென்று ஓரமே தெரியாது. உணர்ச்சியும் நெடுநாள் இருக்கும். முகம் மினுங்கும். "என்ன க்ரீம் போடுற?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

12 மாதம் மூன்று மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தொடங்கிய சில நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றாது என்றார்கள், அதனால் தனித் தட்டெல்லாம் வேண்டாம். ஒரு மாத்திரை ஆளைக் கறுக்க வைக்கும், பிறகு மெல்ல நிறம் திரும்பும். இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரப்புதான். அது அந்த ஒன்றரை வருஷத்துக்கான விலை.

டெஸ்டுக்குப் போய் வாருங்கள், பத்து நிமிஷ வேலை. காதில் பிளாஸ்திரியைப் பார்த்து யாராவது கேட்டால் முடி வெட்டும்போது கத்தி பட்டுவிட்டது என்று சொல்லிவிடுங்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், பாவம் அந்த அண்ணன்.