அப்பாவின் அம்பாசடர்: பூட்டுக்கு முன் பெயர் மாற்றம்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமத்தில் வசிக்கிறோம். அப்பா ஆசையாக வைத்திருந்த 1968-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 கார் எங்களிடம் இருக்கிறது. கோவையில் பதிவான வண்டி. பெட்ரோல் எஞ்சின் உட்பட எதையும் மாற்றவில்லை. அப்பா இறந்து 14 மாதம் ஆகிறது. ஆர்.சி. புத்தகம் அவர் பெயரிலேயே இருக்கிறது. அவர் நோயில் படுத்திருந்தபோதே அது காலாவதியாகிவிட்டது. இன்சூரன்ஸை மட்டும் அவர் பெயரில் ஆன்லைனில் கட்டி வருகிறேன். இரண்டு பேர் வந்து காரை விலைக்குக் கேட்டார்கள், அம்மா மறுத்துவிட்டார். அடுத்த வாரமே இரவில் ஷெட்டின் தாழ்ப்பாளை உடைத்து முன்பக்கக் கிரில்லையும் நான்கு வீல் கப்புகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காவல் நிலையத்தில், “தமிழ்நாட்டு வண்டி, அங்கே போய்க் கொடுங்கள், ஆர்.சி.யும் உங்கள் பெயரில் இல்லை, மனுவை மலையாளத்தில் எழுதி வாருங்கள்” என்றார்கள். முன்பு ஒரு முறை விற்க நினைத்தபோது அப்பா கோவை புரோக்கர் ஒருவரிடம் கையெழுத்திட்ட படிவங்களைக் கொடுத்ததாக அம்மா சொல்கிறார். ஷெட்டைச் சுற்றிக் கம்பி கட்டி இரவில் மின்சாரம் விடலாம் என்கிறார் மாமா. காரை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: கிரில் போனதை உதிரிபாகத் திருட்டு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். விலை கேட்டு வந்தவர்கள்தான் திருடினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்; அதற்கு ஆதாரம் வேண்டும். ஆனால் தாழ்ப்பாள் எவ்வளவு பலம், நாய் குரைக்கிறதா, உடைத்தாலும் வழக்குப் பதிவாகிறதா என்பதெல்லாம் இப்போது யாரோ ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் முதல் வேலை புகாரைப் பதிவு செய்ய வைப்பது.

காவல் நிலையத்தில் சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றுகூடச் சட்டப்படி நிற்காது. வண்டி எந்த மாநிலத்தில் பதிவானது என்பதற்கும் திருட்டு எங்கே நடந்தது என்பதற்கும் தொடர்பில்லை. திருட்டு நடந்தது உங்கள் ஷெட்டில். விசாரிக்க வேண்டியது அந்தப் பகுதிக் காவல் நிலையம். குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: கைது செய்யத்தக்க குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லை என்பதும் தடையில்லை. ஒருவரின் வசத்தில் இருக்கும் பொருளை அவர் சம்மதமின்றி நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதுதான் திருட்டு. கார் உங்கள் வசத்தில், உங்கள் ஷெட்டில் இருந்தது. மொழியைப் பொறுத்தவரை, குறைதீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு சொல்கிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தனியாக உரிமை தந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணில் வாழ்கிறவர்கள் தங்கள் மொழியில் ஒரு புகார் எழுத முடியாமல் திரும்பி வருவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. தமிழிலேயே எழுதுங்கள். பதிவு செய்வது மலையாளத்தில் இருக்கும்; அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள். நகலை இலவசமாகத் தர வேண்டும்.

புகாரில் பொருளின் மதிப்பைக் குறைத்து எழுதிவிடாதீர்கள். ‘பழைய கிரில், 500 ரூபாய்’ என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு. புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டைக் காவல்துறை நீதிமன்ற உத்தரவின்றி விசாரிக்க முடியாது. அம்பாசடர் தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது. மார்க் 2 கிரில் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று கார் சீரமைக்கும் பட்டறை ஒன்றில் எழுதி வாங்கி மனுவோடு இணையுங்கள். உங்கள் வழக்கில் வேறொரு பலமும் இருக்கிறது. பொருளைப் பாதுகாக்கும் கட்டடத்துக்குள் புகுந்து திருடுவது, குற்றங்களுக்கான தண்டனையைச் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவில் வரும்; 7 ஆண்டுவரை தண்டனை. இரவில் பூட்டுடைத்துத் திருடப் புகுவது அதே சட்டத்தின் 331(4)-இல் வரும். அதற்கு 14 ஆண்டுவரை போகலாம். ‘இரவு’, ‘தாழ்ப்பாளை உடைத்து’, ‘பூட்டிய ஷெட்டுக்குள்’ ஆகிய சொற்கள் மனுவில் கட்டாயம் இருக்கட்டும். அப்போதும் மறுத்தால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் சித்தூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம்.

இனி, எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கார் இன்றிரவு திருடு போனால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட இழப்பீடு கிடைக்காமல் போகலாம். நீங்கள் கட்டி வரும் இன்சூரன்ஸ், இறந்துபோன ஒருவரோடு செய்துகொண்ட ஒப்பந்தமாக இருக்கிறது. கார் பாலிசிகளில் வழக்கமாக உள்ள நிபந்தனையைப் படித்துப் பாருங்கள்: பாலிசிதாரர் இறந்தால் மூன்று மாதம் வரை, அல்லது பாலிசிக் காலம் முடியும் வரை, எது முந்தியோ அதுவரைதான் பாதுகாப்பு. அதற்குள் வாரிசுகள் மாற்றிக்கொள்ள வேண்டும். பிரீமியத்தை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்பது கிளெய்ம் வரும்போது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

காலாவதியான ஆர்.சி. அதைவிடப் பெரிய ஓட்டை. 2011 ஜூலையில் ஜோத்பூரில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வெளியே நிறுத்தியிருந்த கார் திருடு போனது. அதன் தற்காலிகப் பதிவு ஒன்பது நாள் முன்பு முடிந்திருந்தது. உரிமையாளர் பத்தாண்டு வழக்காடினார். 2021-இல் உச்ச நீதிமன்றம், செல்லுபடியாகும் பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் கொண்டுபோனது பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியது என்று கூறி இழப்பீட்டை மறுத்துவிட்டது. ஷெட்டுக்குள் நின்ற கார் என்று நாம் வேறுபடுத்தி வாதாடலாம். ஆனால் வாதாடும் நிலைக்கே ஏன் போக வேண்டும்?

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். அப்பா உயில் எழுதவில்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் காரில் சம பங்கு. திருமணமாகிப் போன அக்கா தங்கைகளுக்கும் அதே பங்குதான். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள். கேரளத்தில் அரசிதழில் விளம்பரம் செய்து ஆட்சேபத்துக்கு அவகாசம் தந்த பிறகே அது கைக்கு வரும். இன்று தொடங்கினாலும் நாளாகும். அதற்குள் மற்ற வாரிசுகளிடம் ‘வண்டி இவர் பெயருக்கு மாற எங்களுக்குச் சம்மதம்’ என்று பிரமாணப் பத்திரம் வாங்கிவிடுங்கள். பிறகு கோவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்து, படிவம் 31 மூலம் பெயரை மாற்றுங்கள். மரணத்தை 30 நாளுக்குள் தெரிவித்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். காலம் கடந்துவிட்டதால் அபராதம் இருக்கும். அதற்குப் பயந்து இன்னும் தள்ளிப்போட வேண்டாம். 20 ஆண்டைக் கடந்த கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

அடுத்தது மாநில மாற்றம். வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் இங்கே பதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. கோவையில் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்கி, கேரளத்தில் வரி கட்டி, சித்தூர் அலுவலகத்தில் பதிய வேண்டும். எல்லையோரத்தில் வாழும் நம்மில் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. காலையில் பொள்ளாச்சிச் சந்தை, மாலையில் சித்தூர் என்று இருக்கிறவர்களுக்கு மாநில எல்லை கண்ணில் படாது. ஆனால் கிளெய்மைப் பரிசீலிக்கும் அதிகாரியின் கண்ணில் அதுதான் முதலில் படும்.

50 ஆண்டைக் கடந்த, அசல் வடிவம் மாறாத கார் என்பதால் 2021-இல் வந்த விண்டேஜ் விதிகளும் உங்களுக்குப் பொருந்தும். பதிவு 10 ஆண்டு செல்லும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். அம்மாவைக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அந்தக் காரில் அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால் இந்த வழி வேண்டாம் என்பதே என் கருத்து.

புரோக்கரிடம் இருக்கும் படிவங்களை இந்த வாரமே கவனியுங்கள். அவை பெரும்பாலும் உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களாக இருக்கும். தேதி போடாத கையெழுத்து ஒருவர் கையில் இருந்தால், இறப்புக்கு முந்தைய தேதியைப் போட்டு விற்பனை நடந்ததாகக் காட்ட முடியும். கோவை அலுவலகத்துக்கு இறப்புச் சான்றிதழை இணைத்து, ‘வாரிசுகள் அறியாமல் இந்த எண்ணில் எந்த உரிமை மாற்றமும் செய்யக் கூடாது’ என்று ஆட்சேப மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். புரோக்கருக்கும் படிவங்களைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு பதிவுத் தபால் போகட்டும். இனி விலை கேட்டு வருகிற யாருக்கும் ஆர்.சி.யைப் படமெடுக்கக் கொடுக்காதீர்கள். உங்கள் எண்ணை வேறொரு திருட்டு வண்டிக்குப் போட்டுக்கொள்ள அந்தப் படம் போதும்.

காருக்கு அடையாளச் சாட்சி தயார் செய்வது அரை மணி நேர வேலை. பானெட்டைத் திறந்து சேஸிஸ் எண்ணைத் துணியால் துடையுங்கள். மேலே மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து, பென்சில் முனையைப் படுக்க வைத்து லேசாகத் தேய்த்தால் எண்கள் ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பி வரும். போக்குவரத்து அலுவலகத்தில் கேட்கும் பென்சில் டிரேஸ் இதுதான். எஞ்சின் எண்ணுக்கும் இதேபோல் எடுத்து, இரண்டையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்த விண்ணப்பியுங்கள். டேஷ்போர்டு, இருக்கைத் தையல், கதவின் உட்புறம், பழைய வெல்டிங் தழும்பு எல்லாவற்றையும் படமெடுங்கள். திருடியவன் பெயின்ட்டையும் நம்பர் பிளேட்டையும் மாற்றுவான். பழைய தழும்புகளை மாற்ற அவனுக்கு நேரம் இருக்காது.

பெயர் மாறியதும் திருட்டையும் உள்ளடக்கிய முழு பாலிசி எடுங்கள். ‘தேர்டு பார்ட்டி’ மட்டும் இருந்தால் திருட்டுக்குப் பயனில்லை. ஐந்து ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கும் தயாரிப்பு நின்ற மாடல்களுக்கும் காப்பீட்டு மதிப்பை இரு தரப்பும் பேசி முடிவு செய்வதுதான் முறை. நிறுவனம் சொல்லும் தொகைக்குத் தலையாட்டிவிடாமல், மதிப்பீட்டாளரின் அறிக்கையைக் காட்டிப் பேசுங்கள்.

பூட்டு விஷயத்தில் நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்தக் காலத்துக் கார்களில் உள்ள மின்னணுத் தடை எதுவும் 1968 வண்டியில் கிடையாது. இரண்டு ஒயர்களை இணைத்தால் எஞ்சின் ஓடிவிடும். எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரிக்கு கட்-ஆஃப் சுவிட்ச், ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் பூட்டு, கண்ணில் படாத இடத்தில் ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றைப் பொருத்துங்கள். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எந்த வழியானாலும் சில நிமிடங்களில் மாநிலம் தாண்டிவிடலாம் என்னும் ஊரில் ஜி.பி.எஸ். அவசியம். கேமரா வைத்திருந்தால் திருட்டு நடந்த இரவின் பதிவு அழியும் முன் தனியாக எடுத்து வையுங்கள். அதை நீதிமன்றத்தில் காட்ட புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும்.

மாமாவிடம் மின்சாரக் கம்பி வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். உடைமையைக் காக்கும் உரிமை தேவைக்கு மேல் தீங்கு செய்வதற்கான உரிமையாகாது. திருடன் செத்தாலும், தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டக்காரர் செத்தாலும், மரணத்துக்குக் காரணமானவர் என்று கூண்டில் நிற்பது நீங்கள்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் கார் போய்விட்டால் உடனே 112-ஐ அழையுங்கள். அன்றே முதல் தகவல் அறிக்கை. அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தகவல். ஒரு டிராக்டர் திருட்டில் காவல்துறைக்கு அன்றே சொல்லிவிட்டு நிறுவனத்துக்கு 52 நாள் கழித்துச் சொன்னவருக்கு இழப்பீடு மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனாலும் அந்தத் தாமதம் உங்களுக்கு வேண்டாம். பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ வண்டி கிடைத்து, ‘நான் காசு கொடுத்து வாங்கினேன்’ என்று ஒருவர் நின்றாலும் கலங்காதீர்கள். திருடனிடம் வாங்கியவருக்கு உரிமை வராது, உரிமை வாரிசுகளுக்கே. காவல் நிலைய வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் கார் துருப்பிடிக்கக் காத்திருக்கவும் வேண்டாம். பிடிபட்ட வண்டிகளை அப்படி நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாறிய ஆர்.சி., பென்சில் டிரேஸ், படங்கள் ஆகியவற்றோடு மாஜிஸ்திரேட்டிடம் இடைக்கால ஒப்படைப்பு மனு போடுங்கள். பத்திரம் எழுதிக் கொடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரலாம். வழக்கு முடியும்வரை அதை விற்கவோ நிறம் மாற்றவோ கூடாது, நீதிமன்றம் கேட்கும்போது கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.